புள்ளி நகர்ந்த முற்பகல்

பிரிஜித்தாவுக்கு முதலில் வந்தது சந்தோஷமில்லை, சந்தேகம்தான். அடுக்களைத் தரையில் அரிவாள்மணையை மிதித்து உட்கார்ந்து சாளை மீனுக்குச் செதில் சுரண்டிக்கொண்டிருந்தவள், கன்னத்தில் தெறித்த செதிலைத் தோளில் துடைக்கத் திரும்பியபோதுதான் எதிரே நடைச்சுவரைப் பார்த்தாள். அங்கே ஒட்டியிருந்த கட்டம் போட்ட தாளில் சிவப்புப் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. ஜன்னல் பக்கமாகத் தள்ளிப் போயிருந்தது. கொஞ்சநஞ்சமில்லை, இரண்டு விரல்கடை. இதற்கு முந்தின மீனைக் கையில் எடுக்கும்போது பார்த்தாளே, அப்போது சமர்த்தாக வழக்கமான இடத்தில் இருந்ததே, ஒரு மீனைச் சுரண்டி முடிப்பதற்குள் அப்படி என்ன வந்துவிட்டது அதற்கு? எழப் போனவள் எழவில்லை. கையில் மீன், மடியில் செதில், அப்படியே உறைந்துவிட்டாள். கிட்டே போகக் கூடாது. போன தடவை கிட்டே போய்த்தான் மானம் போயிற்று. இரும்பு, எந்த இரும்பு, எந்த இரும்பை நகர்த்தித் தொலைத்தேன் என்று மனசு வீட்டைச் சுற்றி ஓட ஆரம்பித்தது. அரிவாள்மணை இரும்புதான், ஆனால் அது காலையிலிருந்து இதே இடத்தில்தான் கிடக்கிறது, அதை மிதித்துக்கொண்டிருக்கிற காலே சாட்சி. வாணலி அடுப்பின்மேல். இட்லிக் கொப்பரை அலுமினியம், அதற்கும் இதற்கும் பேச்சே இல்லை. அலமாரிச் சாவி கணவர் கஸ்பார் இடுப்பில், கஸ்பார் முன்னறையில். அவள் பார்க்கப் பார்க்கப் புள்ளி இன்னும் ஒரு நூல் ஜன்னல் பக்கம் போயிற்று. மீனின் வாய் திறந்திருந்தது, அவளுடைய வாயும்தான்.

அந்தப் புள்ளி எங்கிருந்து வருகிறது என்று தெரியாதவர்கள் அந்தத் தெருவில் யாரும் இல்லை, கஸ்பார் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். பின்பக்க ஸ்டோர் ரூமில், கருங்கல் துண்டு ஒன்றின்மேல், ஒரு பெரிய ஊறுகாய் பாட்டில். அதற்குள் பட்டு நூலில் தொங்குகிற விரல்நீளக் காந்தம், காந்தத்தின் முதுகில் ஒட்டிய கண்ணாடித் துண்டு, அந்தக் கண்ணாடியில் பட்டுத் திரும்பி நடைச்சுவரில் வந்து விழுகிற லேசர் வெளிச்சம். கருவி அவ்வளவுதான். காந்தம் மயிரிழை திரும்பினால் சுவரில் புள்ளி விரல் அளவு நகரும். பூமி முழுவதும் ஒரு பெரிய காந்தம், அதன் இழுவை நாள் முழுக்க ஒரே மாதிரி இருப்பதில்லை, சூரியன் ஏற ஏற இதுவும் ஏறி, மத்தியானத்துக்குப் பிறகு இறங்கும். அதைத்தான் பாட்டில் பிடிக்கிறது. "எங்க வீட்டுல ஊறுகாய் போட்டு வச்சிருக்கா, பூமியையே ஊறப்போட்டிருக்கா" என்பார் கஸ்பார், வருகிற விருந்தாளிகளிடம். அவளும் சிரிப்பாள். ஆனால் அந்தப் பாட்டிலை வேலை செய்ய வைக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். குளிர் தேசத்துக்காரர்கள் போட்ட வீடியோக்களைப் பார்த்து, அவர்கள் சொன்னபடியே காந்தத்தை வடக்கு தெற்காகத் தொங்கவிட்டு, இரண்டு மாதம் சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். புள்ளி ஏதோ பேருக்கு அசைந்தது. நூலை மாற்றினாள், கண்ணாடியை மாற்றினாள், பாட்டிலைக்கூட மாற்றினாள். ஒருநாள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது பளிச்சென்று விளங்கியது. அவர்கள் ஊர் வேறு, நம் ஊர் வேறு. பூமிக் காந்தத்தின் நடுக்கோடு நம் பக்கமாகப் போகிறது, பகலில் நம் தலைக்கு மேலே, மேகத்துக்கெல்லாம் வெகு உயரத்தில், கிழக்கே பார்த்து ஒரு மின்சார ஆறு ஓடுகிறது. அது பெருகினால் காந்தம் பக்கவாட்டில் திரும்பாது, வடக்கே இழுக்கிற பலம்தான் கூடும். வடக்கே பார்த்து நிற்கிறவனை வடக்கே இழுத்தால் அவன் எதற்குத் திரும்பப் போகிறான்? ஈரப் புடவையைக் கொடியில் அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து, இன்னொரு காந்தத்தைப் பக்கத்தில் வைத்து, தொங்குகிற காந்தத்தைக் கிழக்கு மேற்காகத் திருப்பி நிறுத்தினாள். மறுநாள் காலையிலிருந்து புள்ளி நடக்க ஆரம்பித்தது. ஜன்னல் பக்கம் போனால் ஏற்றம், கதவுப் பக்கம் போனால் இறக்கம். அன்றைக்கு அவள் யாரிடமும் சொல்லவில்லை, சொல்ல ஆளும் இல்லை, ஒரு டம்ளர் காப்பி கூடுதலாகப் போட்டுக் குடித்தாள்.

இப்போது ஆள் இருக்கிறார்கள், அதுதான் பயமே. போனில் ஒரு குழு. நாலைந்து மாவட்டத்துக்காரர்கள், வீட்டில் இதுபோல ஏதாவது செய்து வைத்திருக்கிறவர்கள், ஆளுக்கொரு கிறுக்கு. பாளையங்கோட்டையில் சிவசைலம் சார், கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர், தோட்டத்தில் குழாய்க்குள் மின்னணு உணரியைப் புதைத்து கம்ப்யூட்டரில் கோடு வரைகிறவர். மேலப்பாளையத்தில் ஹக்கீம், செல்போன் ரிப்பேர் கடை, வாய் சும்மா இருக்காது, குழுவின் மாதப் பட்டியலைத் தயாரிப்பதும் அவன்தான். குழுவுக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. கருவியில் ஏதாவது தெரிந்தால், இன்டர்நெட்டைப் பார்ப்பதற்கு முன்னால் போட வேண்டும். சூரியனில் என்ன நடந்தாலும் கொஞ்ச நேரத்தில் உலகம் முழுக்கப் படம் போட்டுவிடுகிறார்கள், அதைப் பார்த்த பிறகு "ஆமாம், என் வீட்டிலும் தெரிந்தது" என்று சொல்ல யாரால் முடியாது? பார்க்காமல் சொல்கிறவன் சொல்தான் கணக்கு. அந்தப் பட்டியலில் பிரிஜித்தாவின் பெயருக்கு எதிரே, தூத்துக்குடி என்று போட்டு, அதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இருக்கிறது. ஐந்து மாதமாக இருக்கிறது. இந்த நிலையத்தின் அளவுகள் உறுதிப்படுத்தப்படாதவை என்று அர்த்தமாம். ஹக்கீம் அதைப் போடும்போது ஒரு சிரிப்புப் பொம்மையும் சேர்த்துப் போட்டான். பிரிஜித்தா பதிலுக்குத் தானும் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டாள். போட்டுவிட்டுக் குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். அன்றைக்கே முடிவு செய்தாள், இன்னொரு தடவை பொய்யாகப் போனால் பாட்டிலைக் கழுவி அதில் நிஜமாகவே நார்த்தங்காய் போட்டுவிடுவது என்று.

அவள் செய்தது என்னவோ அப்படிச் சிரிக்கத் தக்க காரியம்தான், அதுதான் இன்னும் எரிச்சல். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, புள்ளி வெடுக்கென்று துள்ளித் திரும்புகிறது என்று கண்டுபிடித்தாள். ஒரு நாள் இல்லை, ஒரு வாரம் தொடர்ந்து பார்த்தாள். காந்தப் புயலுக்கு முன்னால் வருகிற துடிப்பு என்று தானே ஒரு பெயரும் வைத்து, குழுவில் நீளமாக எழுதிப் போட்டாள். ஆஹா ஓஹோ என்று பாராட்டு. நான்கு நாள் அவள் கால் தரையில் பாவவில்லை. பிறகு சிவசைலம் சார் மரியாதையாகக் கேட்டார், "மேடம், நீங்க குனிஞ்சு பாட்டிலைச் சரிபார்க்கும்போது மட்டும்தான் அசையுதா? மத்த நேரத்துல அசையலையா?" அந்தக் கேள்வியைப் படித்த நிமிஷமே அவள் கை தன்னால் கழுத்துக்குப் போயிற்று. தாலிச் சங்கிலியில் ஏழெட்டு ஊக்கு. எந்தப் பெண் வைத்திருக்கவில்லை? அம்மா வைத்திருந்தாள், அக்கா வைத்திருக்கிறாள், கோயிலில் முந்தானை நழுவினால் பக்கத்து பெஞ்சிலிருந்து கை நீளுகிறது, "ஏட்டி பிரிஜி, ஒரு ஊக்கு கொடு". அவசரத்துக்கு ஊக்கு தருகிறவள் என்று பேர் வாங்கினவள் அவள். அத்தனையும் எஃகு. காலையும் மாலையும் பாட்டிலின்மேல் குனிந்தபோதெல்லாம் பூமியை விட்டுவிட்டுக் காந்தம் அவளைத்தான் பார்த்திருக்கிறது. தங்கம் பேசாமல் இருக்க, ஊக்கு பேசிவிட்டது. மறைக்கத் தெரியவில்லை அவளுக்கு, உள்ளதை உள்ளபடி குழுவில் சொன்னாள். ஹக்கீம் அதற்கு "ஊக்குப் புயல்" என்று பெயர் வைத்தான், அன்றிலிருந்து ஊக்குப் புயல் அக்கா. அதைக் கஸ்பார் வேறு தன் தம்பி வீட்டில் போய்ச் சொல்லி, கொழுந்தன் பெண்ஜாதி இவள் பிறந்தநாளுக்கு ஒரு அட்டை ஊக்கு வாங்கிக் கொடுத்தாள், எல்லோரும் கை தட்டினார்கள். அதன் பிறகு ஊக்குகளையெல்லாம் கழற்றி வாசலறையில் ஒரு டப்பாவில் போட்டாள், கிட்டேயே போகாமலிருக்கப் பழைய போன் ஒன்றை நடையில் மரப்பெட்டிமேல் நிறுத்தி நிமிஷத்துக்கு ஒரு படம் எடுக்க வைத்தாள். இன்றைக்கு அவள் கழுத்தில் சங்கிலி மட்டும்தான். மீன் கையால் தொடாமல் மோவாயைத் தாழ்த்திப் பார்த்துக்கொண்டாள். ஆமாம், சங்கிலி மட்டும்தான்.

சரி, நான் இல்லை. அப்படியானால் யார்? பக்கத்து வீட்டு மோட்டாரா? அது ஓடினால் புள்ளி நடுங்கும், இப்படி வழுக்கிக்கொண்டு போகாது, அதுவும் இன்றைக்கு மோட்டார் எங்கே ஓடுகிறது, காலை ஒன்பதிலிருந்து கரண்ட் இல்லையே. மாதாந்திரப் பராமரிப்பு, தெரு முழுக்க அடங்கிக் கிடக்கிறது. ஒரு மோட்டார் இல்லை, மிக்ஸி இல்லை, மாவரைக்கிற கிரைண்டர் இல்லை, காற்றாடி இல்லாமல் முதுகு நனைந்து ஒட்டுகிறது. லேசர் பேட்டரியில் எரிகிறது. இதைவிடச் சுத்தமான நாள் ஒரு வருஷத்துக்குக் கிடைக்குமா? கேஸ் சிலிண்டரா? சிலிண்டர்காரன் வந்தால் தெருவுக்கே கேட்கும், இரும்பால் இரும்பைத் தட்டிக்கொண்டுதான் வருவான், வரவில்லை. பின்சந்தில் யாராவது காரைக் கொண்டுவந்து நிறுத்தினார்களா? கார் வந்தால் ஒரே தாவாகத் தாவி அங்கேயே நிற்கும், இது தாவவில்லை, ஏறுகிறது. பல்லி? பல்லி ஒருநாள் பாட்டில் மூடியில் ஏறி உட்கார்ந்து அமர்க்களம் பண்ணியது உண்டு, ஆனால் பல்லி ஏறினால் புள்ளி ஆடும். வெயிலா? பக்கத்துக் காந்தம் சூடானால் பலம் குறைந்து புள்ளி மெல்ல விலகும், அதற்கு மணிக்கணக்காகும், ஒரு மீன் நேரம் போதாது. ஒவ்வொன்றாக வாசலில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தால், ஒவ்வொன்றும் கொல்லை வழியாகத் திரும்ப உள்ளே வந்து நின்றது. நிஜமாகவே சிலிண்டர் வரவில்லையா, குழம்புக்குப் புளி கரைக்கையில் தண்ணீர்ச் சத்தத்தில் காதில் விழாமல் போயிருக்குமோ? நிஜமாகவே சங்கிலி மட்டும்தானா, ரவிக்கையில் கொக்கி இருக்கிறதே, கொக்கி எத்தனை நாளாக இருக்கிறது, எத்தனை நாளாக இதே ரவிக்கையோடு இங்கே உட்கார்ந்து மீன் வெட்டுகிறாள். பதில் தெரிந்த கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டாள். அடுப்பில் அரிசி கொதித்துக் கஞ்சி பொங்கி வழிந்து சுர்ரென்றது, அவள் எழவில்லை.

கல்லூரி ஆய்வகத்திலும் இப்படித்தான். மேசைமேல் காந்தமானியின் நீளச் சட்டம், நடுவில் ஊசி, சட்டத்தை ஒருவாட்டம் வைத்தால் டான் ஏ நிலை, மறுவாட்டம் வைத்தால் டான் பி நிலை, கைக்கடிகாரத்தைக் கழற்று, வளையலைக் கழற்று, ஜியாமெட்ரி பெட்டியைத் தள்ளி வை. மற்றப் பெண்கள் விடையை முன்கூட்டியே பார்த்துக்கொண்டு அதற்கேற்ற அளவுகளை எழுதிவைப்பார்கள். பிரிஜித்தாவுக்கு ஊசி எங்கே நின்றதோ அதை எழுதித்தான் பழக்கம், அது தப்பாக வந்தாலும். "உனக்கு என்ன, கலெக்டர் உத்தியோகமா, எதையாவது எழுதிட்டு வா, பஸ் போயிரும்" என்று தோழிகள் வாசலில் நின்று கத்துவார்கள். அவள் ஊசி ஆடி அடங்கும்வரை நிற்பாள். அந்த மனுஷிதான் இப்போது தன் கண் எதிரே ஓடுகிற புள்ளியை நம்பப் பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எப்போதிருந்து இப்படி ஆனேன்? ஒரு அட்டை ஊக்குக்கா இவ்வளவு? நிமிர்ந்து பார்த்தாள். புள்ளி அவள் பென்சிலால் என்றைக்கும் கோடு போட்டிராத இடத்துக்குப் போயிருந்தது. அங்கே நின்றது. இனிமேல்தான் தெரியும். சூரியனில் பெரிய வெடிப்பு ஏதாவது நடந்தால், அந்த ஒளி வந்து பட்ட உடனே மேலே ஓடுகிற மின்சார ஆறு சட்டென்று வீங்கும், புள்ளி மளமளவென்று ஏறும், பிறகு நிதானமாக, போக மனசில்லாமல் இறங்கும். ஏற்றம் வேகம், இறக்கம் நிதானம். எத்தனை தடவை படித்திருக்கிறாள். பகலில், அதுவும் நடுக்கோட்டுப் பக்கத்தில் இருக்கிறவர்களுக்குத்தான் அது நன்றாகக் காணக் கிடைக்கும். குளிர் தேசத்துக்காரன் வானத்தில் பச்சை வெளிச்சம் பார்க்கட்டும், இது நமக்கென்று உள்ளது.

"ஏட்டி பிரிஜி!" என்று முன்னறையிலிருந்து குரல் வந்தது, குரலுக்குப் பின்னாலேயே கஸ்பாரும். "அங்கனயே நில்லுங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் மனிதர் அடுக்களை வாசலில் ஒரு காலைத் தூக்கியபடி நின்றுவிட்டார். "சாவிக்கொத்து இடுப்புலதான இருக்கு? நடைப்பக்கம் வந்துராதீங்க, உங்க கால்ல வேணும்னாலும் விழுறேன்." கஸ்பார் கையில் ரேடியோ. கப்பலில் ரேடியோ அதிகாரியாக உலகத்தைச் சுற்றி வந்தவர், ஓய்வு பெற்ற பிறகும் சிற்றலையில் எங்கோ தொலைதேசத்து நிலையங்களைத் தேடிப் பிடித்துக் கேட்காமல் அவருக்குப் பகல் போகாது. அது பெரிய மனிதப் பொழுதுபோக்கு, யாரும் சிரிப்பதில்லை. "உன் ஊறுகாய் பாட்டிலு என் ரேடியோவ முழுங்கிட்டு, கேட்டியா. நல்லா பாடிக்கிட்டு இருந்துச்சு, அப்படியே அமுங்கிப் போயிட்டு. பேட்டரி நேத்துதான் மாத்துனேன்." அவள் சட்டென்று நிமிர்ந்தாள். "ஒரு ஸ்டேஷனா, எல்லாமா?" "எல்லாந்தான். இந்த முனையில இருந்து அந்த முனை வரைக்கும் திருப்பிப் பாத்தாச்சு. ஸ்டேஷன் போனா இரைச்சலாவது இருக்கும்ல? இரைச்சலே செத்துக் கெடக்கு." சொல்லிக்கொண்டே வந்தவர் அந்தக் கடைசி வார்த்தையில் தானே தடுக்கி நின்றார். ரேடியோவைக் காதருகே கொண்டுபோனார். முகம் மாறியது. "கப்பல்ல ரெண்டு தடவ இப்படி ஆயிருக்கு" என்றார் மெதுவாக. "நட்டநடுப் பகல்ல. பக்கத்துக் கப்பலக் கூட கூப்பிட முடியல. கேப்டன் என்னையப் போட்டு ஏசுனாரு. பொறவுதான் சொன்னாங்க, சூரியன்ல ஏதோ வெடிச்சிருக்குன்னு." அவள் மீனை முறத்தில் வைத்தாள். "சுவரப் பாருங்க" என்றாள். அவர் வாசலில் நின்றபடியே கழுத்தை நீட்டிப் பார்த்தார். புள்ளி மெல்ல, மிக மெல்ல, கதவுப் பக்கமாகத் திரும்ப ஆரம்பித்திருந்தது.

போன் இடுப்புயரத் திண்டில் இருந்தது. முழங்கையை ஊன்றி எழுந்தாள். "இரு இரு, போட்டுராத" என்றார் கஸ்பார், அவளுக்கு முன்னால் அவருக்குப் புரிந்துவிட்டது. "கரண்ட் வரட்டும். வைஃபை வந்தொடனே பாத்துக்கிடுவோம், உலகத்துல அவனவன் போட்டுருப்பான்ல, உறுதின்னா போடு. மறுபடியும் ஒண்ணு ஆச்சுன்னா எனக்குத் தம்பி வீட்டுப் பக்கம் தலைகாட்ட முடியாது." அவர் கெட்டவர் இல்லை. அவளுடைய மானத்தில் தனக்கும் பங்கு இருக்கிறது என்று நினைக்கிறவர், அவ்வளவுதான். அவர் சொல்வது எவ்வளவு நியாயம், எவ்வளவு பத்திரம். இரண்டு மணி நேரம் காத்திருந்தால் உலகமே சாட்சி சொல்லும், யாரும் சிரிக்க முடியாது. அப்புறம் அதில் அவள் எங்கே இருப்பாள்? உலகம் பார்த்ததை அவளும் பார்த்தாள் என்று ஆகும். விடையைப் பார்த்துவிட்டு அளவு எழுதினவள் என்று ஆகும். பஸ் போனால் போகட்டும் என்று நின்ற பெண்ணுக்கு இவள் என்ன பதில் சொல்வாள்? பயம் போய்விட்டதா என்றால் போகவில்லை, கேள்விக்குறி கண்முன் வந்து நின்றது, பாட்டிலில் மிதக்கிற நார்த்தங்காய்த் துண்டுகள்கூடத் தெரிந்தன. "நீங்க கண்ணால பாத்தீங்களா இல்லையா?" என்று கேட்டாள். "பாத்தேன்." "நானும் பாத்தேன். அப்பொறம் எதுக்கு இன்னொருத்தன் சொல்லணும்?" செதில் ஒட்டின கட்டைவிரலால் எழுத்துகளைக் குத்தினாள். போன் அவள் ஈர விரலை மதிக்கவில்லை, புடவையில் துடைத்துக்கொண்டு மறுபடி குத்தினாள். "தூத்துக்குடி. புள்ளி வேகமா ஏறிச்சு, இப்ப மெதுவா இறங்குது. சிற்றலை ரேடியோ முழுக்க அடங்கிட்டு. சூரிய வெடிப்புன்னு சொல்றேன். நெட் பாக்கல. கரண்டும் இல்ல. ஊக்கும் இல்ல." கடைசி இரண்டு வார்த்தையைப் போடுவதா வேண்டாமா என்று ஒரு கணம் யோசித்தாள். இருக்கட்டும், அவர்கள் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன் என்று அனுப்பினாள். ஒற்றை டிக். டவரில் கூட்டம். ஒற்றை டிக்கைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள் இரண்டு பேரும். அது இரண்டாயிற்று.

முதலில் வந்தவன் ஹக்கீம், அவன்தானே வருவான். "அக்கா, ரவிக்கைல கொக்கி?" என்று கேட்டு ஒரு சிரிப்புப் பொம்மை. இரண்டாவதாக யாரோ கைகூப்பினார்கள், அதற்கு என்ன அர்த்தம் என்று கைகூப்பினவருக்கே தெரியாது. சிவசைலம் சார் பார்த்துவிட்டார் என்று தெரிந்தது, ஏதோ எழுதுகிறார், நிறுத்துகிறார், மறுபடி எழுதுகிறார், மறுபடி நிறுத்துகிறார். மரியாதையாகக் கேட்கப் போகிறார், மேடம் என்று ஆரம்பிக்கப் போகிறார். பிரிஜித்தா போனைத் திண்டில் கவிழ்த்து வைத்துவிட்டு, வழிந்த கஞ்சியைத் துடைத்தாள், அடுப்பைச் சின்னதாக்கினாள், துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள். சுவரில் புள்ளி நிதானமாக இறங்கிக்கொண்டிருந்தது, யார் நம்புகிறார்கள் நம்பவில்லை என்பதைப் பற்றி அதற்கு ஒரு கவலையும் இல்லை. எவ்வளவு அழகாக இறங்குகிறது. புத்தகத்தில் போட்டது மாதிரியே இறங்குகிறதே, அடி என் ராசாத்தி. பொய்யாக இருந்தால்கூட இதைப் பார்த்ததே போதும் என்று ஒரு நினைப்பு வந்தது. இல்லை, போதாது, எனக்கு நிஜமாகவே வேண்டும், மாதாவே, நிஜமாக இருக்கட்டும். கஸ்பார் ரேடியோவைத் திருப்பிக்கொண்டே நின்றவர், "கீழ் முனையில இன்னும் ஒண்ணுமில்ல, மேல் முனையில லேசா இரைச்சல் வருது" என்றார், ஒரு கப்பல் அறையில் பொறுப்பில் இருக்கிறவரைப் போல. போன் திண்டில் நடுங்கியது. அவள் எடுக்கவில்லை, அவர்தான் எடுத்தார். பார்த்தார். அவள் முகத்துக்கு நேரே பிடித்தார்.

பாளையங்கோட்டையின் கோடு. சிவசைலம் சார் தோட்டத்துக் குழாய்க்குள்ளிருந்து வந்த கோடு. காலையிலிருந்து சாந்தமாக ஏறிக்கொண்டு வந்து, ஓரிடத்தில் விருட்டென்று எழும்பி, உச்சியில் ஒரு கணம் நின்று, நிதானமாகச் சரிந்து வந்துகொண்டிருந்தது. பிரிஜித்தா கோட்டைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், மறுபடி கோட்டைப் பார்த்தாள். அவள் வீட்டுச் சிலிண்டர் பாளையங்கோட்டையை அசைக்காது. அவள் ரவிக்கைக் கொக்கிக்கு அவ்வளவு தூரம் கை நீளாது. இங்கேயும் அங்கேயும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி ஏறி இறங்க வேண்டுமானால், அது இரண்டுக்கும் மேலே இருந்துதான் வர வேண்டும். வந்திருக்கிறது. கோடிக்கணக்கான மைல் தள்ளி அங்கே ஒன்று வெடித்தது, அது இந்தத் தெருவின்மேல், கரண்ட் இல்லாத இந்த வீட்டின் ஓட்டின்மேல் வந்து விழுந்தது, அதை மீன் சுரண்டிக்கொண்டிருந்த ஒருத்தி பார்த்தாள், பார்த்ததைச் சொன்னாள், யாரும் சொல்வதற்கு முன்னால் சொன்னாள். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டாள், மீன் வாடை அடித்தது, கையை எடுத்துவிட்டு வாய்விட்டே சிரித்தாள். "பிடிச்சிட்டேன்! ஏங்க, பிடிச்சிட்டேன்!" என்று குதித்தாள், இந்த வயசில், அடுக்களையில், செதில் சிதறக் குதித்தாள். கஸ்பார் ரேடியோவைக் கீழே வைத்துவிட்டு, என்ன செய்வது என்று தெரியாமல் அவள் தோளைத் தட்டினார், பிறகு உடனே தம்பிக்குப் போன் போட்டார். "ஏல, டிவில நியூஸ் வருமில்ல, அதுக்கு முன்னாடியே எங்க வீட்டுல பிடிச்சாச்சு. ஆமா, உன் மைனிதான். உன் வீட்டுக்காரிட்ட சொல்லு" என்று அவர் முன்னறைக்குப் போய்ச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது தெருமுனைவரை கேட்டிருக்கும். குழுவில் வரிசையாக வந்து விழுந்துகொண்டிருந்தது, கைதட்டலும் பூவும் வாழ்த்தும். ஹக்கீம் சத்தத்தை மட்டும் காணோம்.

பிறகு சிவசைலம் சாரின் குரல் வந்தது, குழுவிலேயே, எல்லோரும் கேட்கும்படி. "மேடம், முதல்ல என் வணக்கத்தை ஏத்துக்கோங்க. நான் சாப்பிட உட்கார்ந்திட்டேன், உங்க செய்தியைப் பார்த்த பிறகுதான் ஓடிப்போய்க் கம்ப்யூட்டரையே பார்த்தேன். இப்ப ஒரு உதவி வேணும். நேத்து கம்ப்யூட்டரை மாத்தினதுல என் கடிகாரம் தப்பா ஓடிக்கிட்டிருக்கு, எப்ப ஆரம்பிச்சுதுன்னு என்னால உறுதியா சொல்ல முடியல. உங்க நேரத்தைத்தான் எல்லாருக்கும் போடணும். சொல்லுங்க மேடம்." அவள் அதை இரண்டு தடவை கேட்டாள், ஒரு தடவை செய்திக்கு, ஒரு தடவை சும்மா. அவசரப்படவில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள், சுண்டு விரல் இடுக்கில் ஒட்டியிருந்த செதிலையும் எடுத்தாள், புடவையில் துடைத்தாள். நடைக்குப் போய் மரப்பெட்டிமேல் நின்ற பழைய போனை எடுத்தாள். அதன் கடிகாரத்தைத் தினமும் காலையில் சரிபார்த்து வைப்பது அவள் வழக்கம். படங்களைப் பின்னாலிருந்து ஒவ்வொன்றாகத் தள்ளினாள். புள்ளி உச்சியில் நின்றது, கொஞ்சம் முன்னால், இன்னும் முன்னால், ஏறுகிறது, ஏறுகிறது, அசையாமல் இருக்கிறது. அசையாத கடைசிப் படத்துக்கு அடுத்த படம். மயிரிழைதான் விலகல், இவளுக்குத் தெரிந்தது. முன்னும் பின்னும் நாலு தடவை தள்ளிப் பார்த்து நிச்சயப்படுத்திக்கொண்டாள். குழுவில் இதுவரை அவள் எழுத்தில்தான் பேசியிருக்கிறாள், குரலைக் காட்டியதே இல்லை. இன்றைக்குக் குரல் பொத்தானை அழுத்தித் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"பதினொண்ணு பத்து" என்றாள் பிரிஜித்தா. "எழுதிக்கிடுங்க சார். ஹக்கீம் தம்பியையும் எழுதிக்கிடச் சொல்லுங்க. தூத்துக்குடின்னு போட்டு, கேள்விக்குறி இல்லாம."